ஆறு மணிக்குள் ஒரு நட்சத்திரம்

“முகுந்தன், அந்த ரூலை ஆறு மணிக்குள்ள மாத்தணும்,” என்றார் சோமசுந்தரம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸில் காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை.

முகுந்தனுக்குப் பொறுக்கவில்லை. பாட்டுக்கு ஸ்வரம் எழுதும் மென்பொருளுக்காக அவன் மாதக்கணக்கில் யோசித்து வைத்த விதி அது. பாட்டின் மேல் எழுதும் குறிப்பு, அதைப் பாடும் குழுவில் எல்லோருக்கும் தெரியும். மறைக்க நினைத்தால் முன்னால் ஒரு நட்சத்திரக்குறி போட வேண்டும்.

“பாஸ், ஒளிவுமறைவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இப்ப வேணாம் லா. குறி போடாததெல்லாம் மறையட்டும். யாராவது மறந்துட்டா?”

“ஒரு நட்சத்திரத்தை யாரு பாஸ் மறப்பாங்க?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்குக் கிள்ளானில் கோயில் பஜனைக் குழு ஒத்திகை. அவர் சரிபார்த்து அனுப்பிய பாட்டை அங்கே முதன்முறையாக டேப்லெட்டில் திறக்கப் போகிறார்கள்.

ஐந்தே முக்காலுக்கு அவருடைய போன் அடித்தது. பஜனைக் குழுத் தலைவி அலமேலு, அவர் மனைவி. அவர் எடுக்கவில்லை.

முகுந்தன் அந்தப் பாட்டைத் திறந்தான். நான்காம் வரிக்கு மேல் பாஸ் எழுதியிருந்தார்: ‘இந்த இடத்தை அலமேலு பாடாமல் இருந்தால் முருகனுக்கே நிம்மதி.’

அதன்கீழே பஜனைக் குழுவில் ஒன்பது பேர் ஆறு மணிக்கு முன்பே திறந்து ‘ஆமாம் சார்’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவர்கூட நட்சத்திரம் போடவில்லை.