கை வெளியே

முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டதும், எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நான் எங்க சார் விட்டேன்? முதலாளிதான் சொல்லாம கொள்ளாம கேட்டைப் பூட்டிட்டுப் போயிட்டார்."

பெட்டிக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார். காலையிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியில்தான் குப்புற விழுந்திருந்தார்கள்.

அட்டைப் பெட்டி செய்து விற்றுப் பெரிய ஆளானவர் என்பதால் அந்தப் பெயர். இங்கே அவர் சம்பளத்துக்கு வரவில்லை. மாநிலத்தில் வேலையில்லாதவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தொழிலதிபர்கள் தாமாகக் கூடிய குழுவில் அவரும் ஒருவர். மாதத்தில் ஒரு நாள் இந்தப் பயிற்சி மையத்துக்கு வந்து, நாளைக்கு நிஜ நேர்காணலுக்குப் போகிறவர்களை இன்றைக்குப் பொய்யாக நேர்காணல் செய்து தேற்றி அனுப்புவார். வாசலிலேயே கழுத்தில் ஓர் அட்டையை மாலை மாதிரி மாட்டிவிடுவார்கள். அதற்கு அவர் குனிந்து கொடுக்கிற அழகைப் பார்க்க வேண்டும்.

பொறுமையாகவே சொல்லிக்கொடுத்தார். பழைய முதலாளியைக் குறை சொல்லக் கூடாது. கேட்கிறவரும் ஒரு முதலாளிதான், நாளைக்கு என்னையும் இப்படித்தான் சொல்வாள் என்று நினைப்பார். நிறுவனம் இடம் மாறியது, குடும்பத்தை விட்டு என்னால் போக முடியவில்லை என்று சொன்னால் போதும். அந்த வாக்கியம் அவர் நாக்கில் தயாராக இருந்தது.

கையை மடியில் ஒளிக்காமல் மேசைமேல் வைக்கச் சொன்னார். விரல்களெல்லாம் மெல்லிய கீறல் தழும்புகள். காய் நறுக்குகிற கை என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் இன்னொன்று. பதில் சொல்லும்போது சட்டையைப் பார்த்துப் பேசக் கூடாது, கண்ணைப் பார்க்க வேண்டும். உள்ளே வந்ததிலிருந்து அவள் அவருடைய சட்டைப் பொத்தானிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் நிமிர்ந்து கண்ணைப் பார்த்தாள். கம்பெனி இடம் மாறிவிட்டது, குடும்பத்தை விட்டுப் போக முடியவில்லை என்றாள். முதல் தடவை பல்லுக்குள்ளேயே சொன்னாள். இன்னும் இரண்டு தடவை சொல்ல வைத்தார். கடைசியில் தண்ணீர் பட்ட பாடாக வந்தது.

கணவர் படுத்த படுக்கை, இந்த வேலையும் கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். அப்படிப்பட்டவளைத் தேற்றிவிட்டதில் அவருக்கு உண்மையாகவே மனம் நிறைந்திருந்தது. நாளைக்குத் தைரியமாகப் போங்கள் என்றார். பேசிப் பேசி வேர்த்திருந்தது. போகிற போக்கில் கதவோரத்து ஃபேனைப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அவள் சுவிட்சில் விரலை வைத்தாள். அழுத்தவில்லை.

"கை வெளியே," என்றாள்.

"வெளியே," என்றார் பெட்டிக்காரர்.

அவள் அழுத்தினாள். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. வாய் அவரைக் கேட்காமலே பதில் சொல்லியிருந்தது.

அட்டை வெட்டும் இயந்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர் அட்டையைத் தள்ளுவார், அந்தப் பக்கம் ஒருவர் இழுப்பார். 'கை வெளியே' என்று குரல் கொடுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து 'வெளியே' என்று பதில் வந்த பிறகுதான் சுவிட்சை அழுத்த வேண்டும். ஒரே ஒரு இயந்திரத்தோடு கொட்டகையில் தொழில் தொடங்கிய நாளில், எதிரே நின்ற மனைவியின் விரலுக்குப் பயந்து அவரே உண்டாக்கிய வழக்கம் அது. வேறெந்தக் கம்பெனியிலும் இப்படிச் சொல்வதில்லை என்று மேடைக்கு மேடை பெருமையடித்திருக்கிறார்.

அந்த இயந்திரங்களைத்தான் போன விடுமுறையில், ஆள் இல்லாத நேரம் பார்த்து லாரியில் ஏற்றி, கூலி குறைவான வேறோர் ஊருக்கு அனுப்பிவைத்தார். விடுமுறை முடிந்து வந்தவர்களுக்குப் பூட்டு மட்டும்தான் இருந்தது. அவர் அன்றைக்குக் குழுக் கூட்டத்தில் இருந்தார். தொழிலாளிதான் முதுகெலும்பு என்று பேசிக் கைதட்டு வாங்கினார். உங்கள் கம்பெனி என்னாயிற்று என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டதற்கு, இடம் மாறியது என்றார்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். இவர் அதற்கும் ஒருபடி மேலே போய், அழாமல் எப்படிச் சொல்வது என்று பிள்ளைக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வேலை நேரத்துத் தலைத்துணியும் முகமூடியும் இல்லாவிட்டால் தன் ஆட்களில் ஒருவரைக்கூடத் தனக்கு அடையாளம் தெரியாது என்பது அதைவிட வெட்கமாக இருந்தது.

ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தார். உண்மையையே சொல்லுங்கள் என்றாவது சொல்லலாம். ஆனால் நாளைக்கு அவளை நேர்காணல் செய்யப்போகிறவர் அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர்தான். பெட்டிக்காரர் மறுபடி உட்கார்ந்தார்.

அவள் கதவைப் பிடித்தபடி திரும்பினாள். சொல்லிக்கொடுத்தபடியே கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"பழைய முதலாளி பேரைக் கேட்டா, சொல்லலாமா சார்?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, அதெல்லாம் கேட்க மாட்டார்கள் என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு, வெளியே காத்திருந்த அடுத்த ஆளை உள்ளே போகச் சொல்லிவிட்டு நடந்தாள்.

ஃபேன் காற்றில் கழுத்து அட்டை பறந்து பறந்து நெஞ்சில் அடித்தது. அடக்கிப் பிடித்தபோதுதான் அதைப் பார்த்தார். அவர் பேரும், அதற்குக் கீழே கம்பெனி பேரும், எதிரே உட்காருகிறவர் படிக்கிற மாதிரி கொட்டை எழுத்தில் இருந்தன.

ஃபேன் போடுகிற வரை அது சட்டைப் பொத்தானுக்கு நேரே அசையாமல்தான் தொங்கிக்கொண்டிருந்தது.