நாலாவது மூலை

மூன்று மூலைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலாவதைப் பார்த்ததும்தான் எனக்குச் சுருக்கென்றது.

ஈரக் காலோடு படுக்கையைச் சுற்றி வந்தேன். கால்மாட்டில் சுவரோரமாக இருந்த மூலை அது. விரிப்பை மடிக்கவே இல்லை. கசக்கிப் பிடித்து மெத்தைக்கு அடியில் அப்படியே திணித்து வைத்திருந்தது. தலையணை உறையின் வாய் வேறு வாசலை ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய ஓட்டலில் அறை சுத்தம் செய்தவள் நான். ஒரு நாளைக்குப் பதினாலு படுக்கை. உறையின் வாய் வாசல் பக்கம் இருந்தால் எங்கள் சூப்பர்வைசர் அம்மாள் மொத்தத்தையும் உருவிப் போட்டுவிட்டு முதலிலிருந்து போடச் சொல்வார். அந்தக் கண் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்தத் தீவுக்கு வந்து இன்றோடு நாலு நாள். மகள் டிக்கெட் போட்டு, மறுக்க விடாமல் அனுப்பி வைத்தாள். சீசன் முடிந்த ஊர். தொப்பிக் கடைக்காரர் வெயிலில் நாற்காலி போட்டு, தன் தொப்பியாலேயே முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிறார். காலையில் ஒரு படகு, மாலையில் ஒரு படகு. நடுவில் கடல் மட்டும்தான்.

அப்பாவுக்கு ஒரு மாற்றம் வேண்டும் என்றாள் மகள்.

என் வீட்டுக்காரர் அதே ஓட்டலில் சலவைப் பிரிவில் இஸ்திரி போட்டவர். நான் விரித்த விரிப்பெல்லாம் அவர் தேய்த்துக் கொடுத்ததுதான். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. பேச்சு தேறியது, கால் தேறியது. வலது கை மட்டும் வைத்த இடத்தில் கிடக்கிறது.

அழுத்திப் பிடித்துப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். ஒரு வாரம் பார்த்தார். விரல் மடங்கவில்லை. பந்தை மேசை டிராயரில் போட்டு மூடிவிட்டார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. பெட்டியில் நான் ஒளித்து எடுத்து வந்த பந்தை இங்கே முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கை போனால் போகட்டும். மனிதர் மனசை விட்டுவிட்டாரே என்பதுதான் எனக்குப் பயம்.

வந்த அன்றே 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையை வாசல் கதவில் மாட்டிவிட்டேன். நான் படுத்து எழுந்த படுக்கையை இன்னொருத்தி வந்து போடுவதாவது. கூச்சமாக இருந்தது. தினமும் நானே போட்டேன். இன்று காலை விரிப்பை உதறும்போது அவரிடம் மாட்டிக்கொண்டேன்.

"ஊர் சுற்ற வந்த இடத்துலயும் உன் புத்தி போகுதா பாரு. இன்னிக்கு மெத்தையைத் தொடாதே. போய் கடல்ல காலை நனைச்சிட்டு வா. அட்டையை நான் எடுத்துடறேன், அவங்க வந்து போடட்டும்."

அவர் என்னைக் கிண்டல் செய்து எட்டு மாதமாகிறது. அந்தச் சந்தோஷத்தில் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டேன். ஒரு மணி நேரம் அலையில் நின்றேன்.

திரும்பிக் கடற்கரைப் பக்கத்துக் கண்ணாடிக் கதவு வழியாக வந்தபோது அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே வந்து பார்த்தால், இந்த மூலை.

பிரித்துப் போடச் சொல்லிக் கை பரபரத்தது. ஆனால் போட்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிரிப்பது மரியாதை இல்லை. வாசல் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போனேன்.

இரண்டு அறை தள்ளி, அறை சுத்தம் செய்யும் அம்மாள் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் கையை ஊன்றி முதுகை நிமிர்த்தியது அப்படியே நான் நிமிர்த்துவது மாதிரி இருந்தது. என் கோபம் பாதியாகிவிட்டது. கால்மாட்டு மூலையில் ஒரு மடிப்பு விட்டுப்போயிற்று என்று பக்குவமாகத்தான் சொன்னேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"மேடம், நான் நாலு நாளா உங்க ரூமுக்குள்ள காலே வைக்கல. அட்டை இன்னும் தொங்குது பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். தொங்கியது.

அறைக்குள் போய் அந்த மூலைக்குப் பக்கத்தில் குனிந்தேன். விரிப்பில் ஒரு பிடி அளவுக்குச் சுருக்கங்கள். பிடித்து, நழுவவிட்டு, மறுபடி பிடித்த சுருக்கங்கள். மற்ற மூன்று மூலைகளையும் இடது கையாலேயே முடித்தவர் இதையும் அப்படியே முடித்திருக்கலாம். முடிக்கவில்லை.

கோணலாக இருந்த ஒரு மூலையைத் தொடாமல் விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அழுகை வந்தது. அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"படுக்கை நல்லாத்தான் போட்டிருக்காங்க. ஒரு மூலைதான் கொஞ்சம் லூசா இருக்கு" என்றேன்.

"புது ஆளா இருக்கும்" என்றார். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் இழுத்துப் போடச் சொல்றேன்."