சம்சாரம் வரலையா?

பாம்பன் ஸ்டேஷனிலிருந்து வந்த மாட்டு வண்டி யாகப்பம்மாள் வீட்டு வாசலில் நின்றது. நாகநாதன் மட்டும் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய டிரங்குப் பெட்டி இறங்கியது. அவரும் வண்டிக்காரரும் சேர்ந்து தூக்கியும், வீட்டுக்குள் போவதற்குள் அது இரண்டு தடவை மணலில் உட்கார்ந்துவிட்டது.

மதுரையில் ஒரு பஞ்சாலையில் மேலாளராக இருந்த நாகநாதனுக்கு ராமேசுவரம் தீவு என்றால் உயிர். கோயிலுக்காக இல்லை, கடலுக்காக. போன கோடையில் மனைவி ராமலெட்சுமியோடு வந்து, தென்கடலை ஒட்டிய இந்த வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். அவர் காலையும் மாலையும் கடலில் கிடந்தார். ராமலெட்சுமி காலையும் மாலையும் புலம்பினாள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. தலை சிக்குப் பிடித்துப் போனது. சோற்றில் மணல், ராத்திரியில் கொசு. இட்லிக்கு மாவாட்டக்கூட வழியில்லை. விடுமுறை பாதி முடிவதற்குள் கணவனை இழுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டாள்.

“சம்சாரம் வரலையா சார்?” என்று கேட்டாள் யாகப்பம்மாள்.

“வரலை” என்றார் நாகநாதன். பிறகு பெட்டியைத் தட்டிக் கொடுத்துச் சிரித்தார். “இனிமே அவ குறையே சொல்ல மாட்டா. அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்.”

மறுநாள் சாயங்காலம், தீவின் வடகரையில் இருந்த காவல் சாவடிக்கு யாகப்பம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஏட்டு மூக்கையா அப்போதுதான் பூட்ஸைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஏட்டையா, எங்க வீட்ல வந்து தங்கியிருக்காரே மதுரைக்காரரு, அவரு சம்சாரத்தைக் காணோம்.”

“வரலேன்னா விட்டுட்டு வந்திருப்பாரு. இதுக்கா ஓடி வந்த?”

“ஆளு நீளத்துக்கு ஒரு பெட்டி கொண்டாந்திருக்காரு. மூடி இடுக்குல ஒரு பச்சைச் சேலைத் தலைப்பு தெரியுது. போன வருசம் அந்தம்மா கட்டியிருந்த அதே சேலை.” அவள் குரல் தாழ்ந்தது. “மத்தியானத்துல இருந்து பனங்காட்டுக்குள்ள குழி தோண்டிக்கிட்டு இருக்காரு. இடுப்பளவுக்குப் போயிட்டாரு.”

மூக்கையா பூட்ஸை மறுபடி மாட்டினார். பதவி உயர்வு கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர் அவர். ஒரு கொலைகாரனைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வாய்ப்பு இந்தத் தீவில் மறுபடி எப்போது வரும்?

“ஏலே கனி, நீ என்கூட வா. மத்தவுக இங்கனயே இருங்க” என்றார், சாவடியில் இருந்த மூன்று காவலர்களைப் பார்த்து.

“ஐயோ, ரெண்டு பேரு பத்தாதுங்க” என்றாள் யாகப்பம்மாள். “திடமான ஆளு. கையில மண்வெட்டி இருக்கு. எங்க வீட்டுக்காரரும் கடலுக்குப் போயிருக்காரு. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?”

அதுவும் சரியாகத்தான் பட்டது. சாவடியைப் பூட்டிவிட்டு, இருந்த நான்கு பேரும் தடியோடு கிளம்பினார்கள்.

பனங்காட்டில் நாகநாதன் மார்பளவு குழிக்குள் நின்றிருந்தார். நான்கு பக்கமும் தொப்பிகளைப் பார்த்ததும் மண்வெட்டி அவர் கையிலிருந்து நழுவியது.

“மேல வாங்க சார்” என்றார் மூக்கையா. “பெட்டியைத் திறக்கலாம்.”

“பெட்டியையா? எதுக்கு?”

“திறந்தா நீங்களே சொல்லிருவீங்க.”

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தார்கள். பச்சைச் சேலையை மூக்கையாவே பதமாக விலக்கினார். உள்ளே, உருளாமல் இருக்கச் சேலையைச் சுற்றிய ஓர் ஆட்டுக்கல் இருந்தது. அதன் பக்கத்தில் கொசுவலை, சல்லடை, கயிறு, வாளி.

“அப்ப உங்க சம்சாரம்?”

“மானாமதுரையில அவ அம்மா வீட்ல இருக்கா. மாவாட்டக் கல்லும் குளிக்க நல்ல தண்ணியும் இருந்தாத்தான் அந்தத் தீவுல கால் வைப்பேன்னு சொல்லிட்டா. அதான் இந்த வருசம் நான் மட்டும் வந்து எல்லாத்தையும் சரி பண்ணி வச்சிரலாம்னு...”

கனி ஓடிப்போய்க் குழியில் ஊறியிருந்த தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு வந்தான். “ஏட்டையா, இளநி மாதிரி இருக்கு.”

யாகப்பம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தங்கமான மனுசரைத் தப்பாக நினைத்துவிட்டேனே என்று நாகநாதன் முன் கைகூப்பினாள். அவருக்கே மனம் இளகிவிட்டது.

“விடுங்கம்மா. அவ மேல உங்களுக்கு இவ்வளவு அக்கறைன்னு சொன்னா, அதைக் கேட்டே அடுத்த கோடைக்கு அவ கிளம்பி வந்துருவா.”

மூக்கையா கிளம்பப் பார்த்தார். அவள் விடவில்லை. வந்த நால்வரையும் உட்கார வைத்து, அந்தப் புது ஊற்றுத் தண்ணீரிலேயே காப்பி போட்டுக் கொடுத்து, பொழுது சாய்ந்த பிறகுதான் அனுப்பினாள்.

அவர்கள் தலை மறைந்து சற்று நேரத்தில், கொல்லைப்புறமாக அவள் கணவன் சவேரியார் வந்தார். மேலெல்லாம் இலங்கைக் கிராம்பின் வாசம்.

“அத்தனை மூட்டையும் வடகரையில இறக்கியாச்சு. சாவடியில ஒரு ஈ காக்கா இல்ல” என்றார், குரலைத் தாழ்த்தி. “மதுரைக்காரருக்குக் கோபமா?”

“கோபமா? அடுத்த கோடைக்குச் சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வாராராம்” என்றாள் யாகப்பம்மாள் கவலையோடு.

“அதுக்குள்ள சாவடியைக் காலி பண்ண நாம வேற ஏதாச்சும் யோசிக்கணும்.”