ஒரு பிள்ளைக்கு ஒரு நம்பர்

"ஒரு பிள்ளைக்கு ஒரு நம்பர்தான் சார். ரெண்டாவதா ஒண்ணு போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

பள்ளிக்கூட ஆபீஸில் இருந்த கிளார்க் அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

லிஃப்ட் மெக்கானிக் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதி வேலையில் லீவு சொல்லிவிட்டு, கிரீஸ் கறை படிந்த சட்டையோடேயே வந்திருந்தார்.

பள்ளியிலிருந்து அவர் போனுக்கு வந்த கடைசிச் செய்தியும் அதைத்தான் சொன்னது. அடுத்த மாதத்திலிருந்து பள்ளித் தகவல்கள் எல்லாம் புது முறையில் வரும். ஒரு மாணவருக்கு ஒரு கைபேசி எண் மட்டுமே. பெற்றோர் நேரில் வந்து பதிந்துகொள்ளவும்.

படித்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மனைவியும் அவரும் பிரிந்து சில வருஷமாகிறது. மகள் அம்மாவோடு இருக்கிறாள். பள்ளியில் சேர்த்தபோது இரண்டு பேர் நம்பரையும் கொடுத்திருந்தார்கள். பிரிந்த பிறகும் அவருடையதை யாரும் எடுக்கவில்லை. மறந்துபோயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். நாமாகப் போய் ஞாபகப்படுத்திவிடக் கூடாதே என்று பெற்றோர் கூட்டத்துக்குக்கூட அவர் தலைகாட்டியதில்லை.

எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வருவாள்.

"ஸ்கூல் எப்படிம்மா போகுது?"

"போகுதுப்பா."

அதோடு சரி. மேற்கொண்டு என்ன கேட்பது என்று அவருக்கும் தெரியாது. சொல்ல அவளுக்கும் தோன்றாது.

பள்ளிக்கூடம்தான் அவரோடு பேசியது. கேன்டீன் இன்று மூடியிருக்கும் என்று செய்தி வந்தால், பிள்ளை மத்தியானம் என்ன சாப்பிட்டாளோ என்று யோசித்தபடியே இவர் டிபன் டப்பாவைத் திறப்பார். பஸ் தாமதம் என்று வந்தால், எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்ற அடுத்த செய்தி வரும்வரை ஸ்பேனரைக் கையில் எடுக்க மாட்டார். பரீட்சை நாளில், அந்த ஒற்றை அறையில், அவரும் சீக்கிரம் எழுந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டால், "நாளைக்கு அவளுக்குக் கண் பரிசோதனை, ஸ்கூல்லயே பார்க்கறாங்க" என்பார். மகளை இப்போதுதான் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர் மாதிரி.

இப்போது அதுவும் போகப் போகிறது.

"எந்த கிளாஸ் சார்?" என்று கிளார்க் அம்மா கேட்டார்.

வகுப்பையும் மகள் பெயரையும் சொன்னார்.

"நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?"

"சொந்தம்தான்."

கிளார்க் அம்மா தேடிப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்குப் பதிஞ்சாச்சே. போன வாரமே அவங்க அம்மா நேர்ல வந்து நம்பர் கொடுத்துட்டாங்க."

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அவர் கவுன்ட்டரை விட்டு நகரவில்லை.

"ஏதாவது ஒரு ஓரமா என் நம்பரையும் சேர்த்துக்க முடியாதா மேடம்? பதில் போட மாட்டேன், போன் பண்ணித் தொந்தரவு பண்ண மாட்டேன். வர்றதைப் படிச்சுக்கறேன், அவ்வளவுதான்."

"அந்த அம்மாகிட்டயே கேட்டு வாங்கிப் படிச்சுக்கலாமே சார். சொந்தம்னு சொல்றீங்க."

அவருக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது.

"அவகிட்டயா? அவ கல்நெஞ்சுக்காரி மேடம். வக்கீல் முன்னாடி உட்கார்ந்து என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கல. நான் இருக்கேனா செத்தேனான்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. இந்த ஒண்ணுக்குப் போய் அவ வாசல்ல நிக்கச் சொல்றீங்களா?"

கிளார்க் அம்மா முதல் தடவையாகத் திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க அப்பாவா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே. உங்க நம்பர் என்ன?"

"அதான் போட முடியாதுன்னு சொல்லிட்டீங்களே."

"சொல்லுங்க சார், பார்ப்போம்."

சொன்னார். கிளார்க் அம்மா ஒவ்வொரு எண்ணாகத் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்த அம்மா யாரோட நம்பரைக் கொடுத்தாங்கன்னு நீங்க கேட்கவே இல்லையே?"

"கேட்கணுமா என்ன? அவ நம்பரைத்தான் கொடுத்திருப்பா."

"இல்ல சார். இப்ப நீங்க சொன்ன நம்பரைத்தான் கொடுத்தாங்க. நான்கூட, அப்ப உங்களுக்கு ஒரு தகவலும் வராதேம்மான்னு கேட்டேன்."

மெக்கானிக் நிமிர்ந்தார்.

கிளார்க் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"'எனக்கு எதுக்குங்க, சாயங்காலமானா பொண்ணே வந்துடறா. அவருக்கு வர்றது இது ஒண்ணுதானே'ன்னு சொன்னாங்க."