ஒன்றேகால் மணிச் சிரிப்பு

சரியாக ஒன்றேகால் மணிக்குத் தகரச் சுவருக்கு அப்பால் அந்தச் சிரிப்பு கேட்டது. ஆளைப் பார்த்துக் கேலி செய்வதுபோல, கெக்கெக்கே என்று. எடைமேடைக்காரர் பீம்ராவ், மேடையில் ஏறிய லாரியை அப்படியே நிற்கவிட்டு, செல்போனில் அதைப் பதிவு செய்தார்.

அது மனிதச் சிரிப்பு இல்லை. சாம்பல் இருவாச்சி. மேற்கு மலைக் காட்டில் இருக்கவேண்டிய பறவை, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஆறு நாளாகச் சிரிக்கிறது. ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

தேசியப் பறவைப் பட்டியலுக்கு யார் வேண்டுமானாலும் குறிப்பு அனுப்பலாம். ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகும். பொய்ப் புள்ளி ஒன்று விழுந்தால், பறவை இடம் மாறிவிட்டதாக நாடே நம்பும். அதனால்தான் பீம்ராவ் அனுப்பிய இருவாச்சிக் குறிப்பைப் பார்த்த சரிபார்ப்பவர் கறாராக எழுதியிருந்தார்: "கூண்டுப் பறவை சேராது. நாளைக்குள் விளக்கம் வராவிட்டால், உங்கள் ஒன்பது வருடக் குறிப்புகளையும் நீக்க வேண்டியிருக்கும்."

பீம்ராவ் பதிவை மறுபடி ஓடவிட்டார். சிரிப்புக்குப் பின்னால் சோவென்று தண்ணீர் கொட்டும் சத்தம். வெளியே ஜூன் வெயிலில் இரும்புத் தகடுகள் தகித்துக்கொண்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் கடைக்காரர் சுயம்பு அண்ணாச்சி கொஞ்சுவது காதில் விழுந்தது: "என் ராசாத்தி சாப்டாச்சா?"

ஓகோ! சோறும் ஊட்டி, குளிப்பாட்டியும் விடுகிறாரா? போன மாதம்தான் அண்ணாச்சி சொந்த ஊரான குலசேகரத்துக்குப் போய்வந்தார். மலையடிவாரத்து ஊர். பிடித்துக்கொண்டு வந்துவிட்டார் மனுஷன்!

பீம்ராவ் எழுந்தார். லாரி டிரைவர் கத்தினான்: "இன்னா மாமு, லாரிய எடை போடுவியா, குருவிய எடை போடுவியா?"

"குந்திகினு இரு, வர்றேன்."

சுற்றிக்கொண்டு போய்க் கடையின் பின்கதவைத் தள்ளினார். கம்பிக் கட்டின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சுயம்பு திடுக்கிட்டார். "என்னவே, போலீஸ் மாதிரி வாரீரு?"

"இருவாச்சிக் கூண்டு எங்க கீது அண்ணாச்சி?"

"கூண்டா? என்ன கூண்டுவே?"

"நடிக்காத. உன்னால என் ஒன்பது வருசத்து எழுத்து பூடும்போல கீது."

மூலையில் கிடந்த சாக்குப்படுதாவை பீம்ராவ் இழுத்துப் பார்த்தார். அடியில் துருப்பிடித்த கம்பிகள்தான். அப்போது அந்தச் சிரிப்பு மறுபடி எழுந்தது, அண்ணாச்சியின் டிபன் கேரியருக்குப் பக்கத்திலிருந்து.

சுயம்பு சோற்றுக் கையை உதறிவிட்டு, கேரியர்மேல் சாய்த்து வைத்திருந்த செல்போனை இடது கையால் இவர் பக்கம் திருப்பினார். திரையில், சாப்பாட்டு நேர வீடியோ காலில், கைக்குழந்தையோடு அண்ணாச்சியின் மனைவி ராமசெல்வி, பிரசவத்துக்குப் போன தாய்வீட்டு வாசலில், சோவென்று கொட்டும் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தாள்.

"அண்ணே, அது இங்க குலசேகரத்துல, எங்க வீட்டு ஆலமரத்துலல்லா இருக்கு!"