சுவருக்கு அந்தப் பக்கம்

"மூடினது மூடினதாவே இருக்கட்டும், மென்னா. வா, வீட்டுக்குப் போகலாம்."

"நீ போ. எம்ரிஸோட எலும்பையாவது பார்க்காம நான் நகரமாட்டேன்."

இத்வால் மழைக்கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மனைவி பக்கத்திலேயே நின்றார்.

எம்ரிஸ், மென்னாவின் முதல் கணவன். இத்வாலின் உயிர் நண்பன். கல்யாணமாகி ஐந்தாம் மாதம், அந்த வேல்ஸ் மலைச்சரிவின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. உள்ளே ஏழு பேர். தீ பரவக் கூடாதென்று மறுநாளே சுரங்க வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அடைத்த கொத்தனார் இத்வால்தான்.

"வெடிச்ச நொடியிலேயே போயிருப்பாங்க. வலியே தெரிஞ்சிருக்காது" என்று அவளிடம் முதலில் சொன்னவரும் அவர்தான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மென்னா எழுந்து நடமாடினாள். இரண்டு வருஷம் கழித்து அவரையே கட்டிக்கொண்டாள்.

இப்போது இருவருக்கும் எண்பது தாண்டிவிட்டது. மழைத்தண்ணீர் ஊறி மலைச்சரிவு இளகுகிறதென்று நகராட்சி சுவரை உடைக்கிறது.

"என்ன கிழவா, கண்ணுல தண்ணி?"

"குளிரு."

"துடைச்சுக்க. எம்ரிஸ் பார்த்தா, 'என்னடா அழுமூஞ்சி'ன்னு கேலி பண்ணுவான்."

உடைத்த ஓட்டை வழியாக உள்ளே போயிருந்த நகராட்சிப் பொறியாளர் லோவ்ரி வெளியே வந்தாள். உள்ளூர்ப் பெண். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லும்மா. ரொம்ப உள்ளே கிடக்காங்களா?"

"இல்ல ஆன்ட்டி... சுவரை ஒட்டியே. ஏழு பேரும்."

"சுவரை ஒட்டியா? அரை மைல் உள்ளேதானே வெடிச்சுது!"

லோவ்ரி சுவரின் ஓட்டையைக் காட்டினாள். "உள்பக்கத்துச் செங்கல்லை எல்லாம் பேர்த்து எடுத்திருக்காங்க. கடைசி ஒரு வரிசைதான் பாக்கி."

மென்னா இத்வாலின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"உயிரோட இருந்திருக்காங்க இத்வால்! வெளியில ஊரே நின்னோமே, ஒருத்தருக்கும் தெரியலியே! இதுல என் எம்ரிஸ் யாரும்மா?"

"இப்போ அடையாளம் தெரியாது ஆன்ட்டி. சோதனை பண்ணித்தான் சொல்லணும்."

இத்வால் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது மூலையில பாரும்மா, லோவ்ரி. எம்ரிஸ் அங்கதான் இருப்பான்" என்றார். "அங்கேயிருந்துதான் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்."