கழுவெளியில் பூமாலை

மார்கழி வெயில் இன்னும் சூடேறவில்லை, கண்ணுகளா. மரக்காணம் கழுவெளிச் சதுப்பில், கோரைப்புல்லுக்குள் மூன்று தோழிகள் பறவை பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள். தொண்டை ஆபரேஷனில் குரல் போனபின் பூமாலை நாலு பேர் கூடும் இடத்துக்கு வந்ததே இல்லை. "அங்க யாருமே பேசக்கூடாதுடி, பறவ பறந்துடும். இந்த வாயாடி முனியம்மாளே வாய மூடிக்கினுதான் குந்தணும்" என்று சொல்லித்தான் காந்திமதி இன்று அவளைத் திண்டிவனத்திலிருந்து அழைத்து வந்திருக்கிறாள். தண்ணீரில் பூநாரைகள் தலைகவிழ்ந்து மேய்கின்றன. இரவல் வாங்கிய பைனாகுலர் கைமாறுகிறது. மூவரும் கைச்சாடையிலேயே பேசிக்கொள்கிறார்கள். பருந்தின் நிழல் விழுகிறது. அத்தனை பூநாரைகளும் சிவந்த இறக்கை விரித்து எழும்புகின்றன. "யம்மாடியோவ்!" முனியம்மாள் கத்திவிடுகிறாள், உடனே பூமாலையைப் பார்த்துக் கூசி, வாயைப் பொத்திக்கொள்கிறாள். பூமாலை அந்தக் கையை மெல்ல விலக்குகிறாள். இன்னொருமுறை கத்தும்படி சாடை செய்து, வானத்தைக் காட்டுகிறாள்.